மார்த்தாவின் அந்நியபாஷை

மார்த்தாவுக்குப் பேச்சு திரும்பி வந்தது. ஆனால் வந்த பேச்சு தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

ஸ்ட்ரோக் வந்து சமையலறையில் விழுந்தவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வலது கையும் வலது காலும் ஈரத்துணிபோல் தொங்க, சேலையூர் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். பேச்சு மெல்ல வரும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை ஏசுதாசன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாக ஒரு முழு வாக்கியம் சொன்னாள். பாதி தொண்டைக்குள்ளிருந்து செருமலாக வந்தது, பாதி மூக்கு வழியே மூச்சாக வந்தது. மனுஷன் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டார். அது உளறல் இல்லை என்று அவருக்குத் தெரியும். அது அவளுடைய தாய்மொழி. இருபது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருந்தும் அதில் ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாது.

தமிழில் கேட்டுப் பார்த்தார். இங்கிலீஷில் கேட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். டாக்டரிடம் ஓடினார். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, பின்னால் கற்றதெல்லாம் போய், முதலில் கற்றது மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். அந்த பாஷை தெரிந்த ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்களேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவர் ஏதோ ஒரிசா பாஷை என்று நினைத்திருப்பார், பாவம்.

எங்கேயிருந்து கூட்டி வருவது? மார்த்தா பிறந்தது அலாஸ்காவுக்கு அப்பால், கடலில் வரிசையாகக் கிடக்கும் தீவுகளில் ஒன்றில். அட்கா என்று பெயர். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடை முன்னால் நிற்கும் கூட்டத்தை அள்ளிப் போட்டால் அந்த ஊர் நிறைந்துவிடும். ஏசுதாசன் கப்பலில் இன்ஜின் ஃபிட்டராக இருந்த காலத்தில், அந்தப் பக்கம் போகும்போது நீராவிக் குழாய் வெடித்து முதுகெல்லாம் வெந்துபோனது. ஆங்கரேஜ் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே கட்டு மாற்ற வந்தவள்தான் இவள். அப்போது பெயர் மார்ஃபா. கல்யாணமாகித் தாம்பரம் வந்ததும் சர்ச்சில் மார்த்தா என்று எழுதிவிட்டார்கள். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். சின்னக் கண்ணும் தட்டை முகமுமாக இருந்ததால் தெருவில் அவள் பெயர் கூர்க்கா வூட்டம்மா. எழுபத்துநாலில் வைத்த பெயர், தொண்ணூற்றுநாலு வரை மாறவில்லை.

தன் பாஷையை அவள் யார் காதிலும் போட்டதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதைப் பேசியதற்கு டீச்சர் வாயில் சோப்புப் போட்டுக் கழுவினாளாம். கல்யாணமான புதிதில் ஏசுதாசன் விளையாட்டாக, ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டபோது, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது மனுஷனுக்குச் சிரிப்பாக இருந்தது. மகள் செல்வமேரி பிறந்து தொட்டிலில் கிடந்தபோதுதான் ஒரு நாள் அவள் குனிந்து, குழந்தையிடம் குசுகுசுவென்று ஏதோ பேசினாள். வாசலில் நின்று கேட்ட ஏசுதாசன், "வேணாம் மார்த்தா, தமிழ் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, மூணாவது எதுக்கு? கொழந்தை கொழம்பிடும்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டிலை ஆட்டிவிட்டு அரிசி களையப் போனாள்.

அந்த ஊரிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு கம்பளிக் கோட்டு மட்டும்தான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டு. தாம்பரத்தில் அதை எப்போது போடுவது? வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மாடியில் வெயிலில் காயவைத்து, அந்துருண்டை போட்டு, பீரோமேல் இருக்கும் டிரங்க் பெட்டியில் திரும்ப வைப்பாள். அதைப் பார்த்து தெரு சிரிக்கும்.

இப்போது அவள் பேசுவதில் ஒரு வார்த்தையாவது புரியாதா என்று அவர் தவித்தார். அவளோ விடாமல் பேசினாள். பத்து வார்த்தை இருக்கும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் கேள்விபோல் குரலைத் தூக்கி நிறுத்துவாள். பதிலுக்குக் காத்திருப்பாள். பதில் வராது. திரும்பவும் ஆரம்பிப்பாள். ஏசுதாசன் பேய் முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கப்பலை விட்டபின் சேர்ந்த மறைமலை நகர் கம்பெனியில் லீவை நீட்டிக்கொண்டே போனார். இடது கையால் டம்ளரைக் காட்டி அவள் 'தாங்ஙஹ்' என்று சொன்னபோது, தண்ணீர் என்று ஒரே ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு ஏதோ புதையல் கிடைத்ததுபோல் செல்வமேரியை எழுப்பிச் சொன்னார்.

அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. செல்வமேரி தாம்பரம் சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் இதைப் பேசுவதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாள். சின்ன வயதிலிருந்து கூர்க்கா பொண்ணு என்று கேட்டுக் கேட்டுப் புழுங்கிப்போனவள் அவள்.

பக்கத்து வீட்டு ஞானம்மாள்தான் மார்த்தாவைக் குளிப்பாட்ட வருவாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்குத் தவறாமல் போகிறவள். ஒரு நாள் அவள் சோப்புக் கையோடு வெளியே ஓடிவந்தாள். "அண்ணா, இது நோவு இல்லண்ணா. நீங்க இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க? இது அந்நியபாஷை, பரிசுத்த ஆவி எறங்கிப் பேசுற பேச்சு. எங்க சபையில உபவாசம் இருந்து அழுது கேட்டாலும் எல்லாருக்கும் கெடைக்கிறதில்ல. அக்காவுக்குப் படுத்த படுக்கையில எறங்கியிருக்கு" என்றாள்.

ஏசுதாசன் அது அவளுடைய ஊர் பாஷை என்று விளக்கினார். ஞானம்மாள் கேட்டுக்கொண்டாள். ஆனால் இருபது வருஷமாக ஒரு வார்த்தை வராத பாஷை, இப்போது மட்டும் எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டாள்.

ஜெபவீட்டு பாஸ்டர் தேவானந்தம் மறுநாளே வந்தார். ஏமாற்றுக்காரர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளில் வந்து, செருப்பை வெளியே விட்டு, நோயாளி பக்கத்தில் முழங்கால் போட்டு அழுதே ஜெபிக்கிற மனுஷன். மார்த்தா பேசப் பேச அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த ஞாயிறு ஒரு மாருதி வேனில் அவளைத் தூக்கிப் போனார்கள். ஏசுதாசன் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். செல்வமேரி ஒரே வாக்கியத்தில் அவர் வாயை அடைத்தாள். "அங்க போனா அம்மாவ யாரும் பைத்தியம்னு சொல்லலப்பா."

உண்மைதான். அங்கே அவளை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கூர்க்கா வூட்டம்மா என்று சொன்ன வாயெல்லாம் தாயாரே என்று கூப்பிட்டது. அவர்கள் சபையில் ஒரு முறை உண்டு. ஒருவர் அந்நியபாஷை பேசினால் இன்னொருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். மார்த்தா பேசினாள், தேவானந்தம் கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் சொன்னார். உங்கள் கண்ணீர் காணப்பட்டது, வேலையில்லாதவனுக்கு வேலை வரும், வீட்டில் சமாதானம் வரும். ஜனம் விம்மி அழுதது. பிறகு ஒவ்வொருவராக வந்து தலை குனிந்தார்கள். ஆசீர்வாதம் வலது கையால்தான் கொடுக்க வேண்டும், இடது கை ஆகாது. மார்த்தாவின் வலது கைதான் விழுந்துவிட்டதே. அதனால் பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, வந்தவர் தலையில் வைத்தார்கள். வைக்கும்போது அவள் கத்திப் பேசினாள். வல்லமை இறங்குகிறது என்று எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். வரிசை நீண்டபோது ஏசுதாசனே எழுந்துபோய்க் கையைத் தூக்கிக் கொடுத்தார். தன் பெண்சாதிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. செல்வமேரி டூ-இன்-ஒன்னை மடியில் வைத்து அம்மா பேசுவதைக் கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

இப்படியே சில வாரம் போனது. மே மாதம் பிறந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார முடியாத வெக்கை. ஒரு ஞாயிறு, கூட்டம் நடுவில் மார்த்தா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, 'தாங்ஙஹ்' என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை சொன்னாள். தேவானந்தம் கண்ணை மூடி, இங்கே திருமணத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மகளுக்கு இந்த ஆண்டு முடியுமுன் வாசல் திறக்கும் என்று அர்த்தம் சொன்னார். பின் வரிசையில் ஒரு பெண்ணின் அம்மா ஓவென்று அழுதாள்.

ஏசுதாசனுக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். எழுந்து நின்றார்.

"பாஸ்டர், அவ தண்ணி கேக்குறா."

யாரோ ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மார்த்தா மடக்மடக்கென்று குடித்தாள். தேவானந்தம் கோபப்படவில்லை. கிட்டே வந்து, ஏசுதாசன் தோளில் கைவைத்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்.

"அது தண்ணின்னா, நான் தப்பா சொல்லிட்டேன் பிரதர். மீதி எல்லாம் என்னா சொல்றாங்க? உங்களுக்குத்தான தெரியும். சொல்லுங்க, கேக்குறோம்."

அத்தனை கண்ணும் அவர் வாயைப் பார்த்தது. செல்வமேரியும் பார்த்தாள். ஏசுதாசன், புருஷன் என்று நிற்கிறோம், நமக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. தெரியாது என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வமேரி கேட்டாள், "நீங்க ஒரு தடவைகூட கத்துக்கணும்னு நெனச்சதில்லையாப்பா?" கேட்ட கேள்வி சின்னதுதான். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே கேம்ப் ரோட்டில் துலுக்காணம் வைத்திருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் உட்கார்ந்தார். மார்த்தா வேலை பார்த்த ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியின் நம்பரை இன்டர்நேஷனல் ஆபரேட்டர் மூலமாக வாங்குவதற்குள் அரை நாள் போய்விட்டது. லைன் கிடைத்தால், எடுத்தவளுக்கு இவர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. நாலைந்து பேர் கை மாறி, வாரக் கடைசியில் ஒரு நல்ல ஆத்மா, அட்காவில் பிறந்து அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாளின் வீட்டு நம்பரைக் கொடுத்தது. ஓல்கா என்று பெயர்.

ஞாயிறு காலை கேசட்டும் டூ-இன்-ஒன்னுமாகப் பூத்துக்குப் போனார். அங்கே இன்னும் சனிக்கிழமை சாயங்காலம். ஓல்காவின் குரல் கரகரவென்று வந்தது. மார்ஃபா என்ற பெயரைச் சொன்னதும், உயிரோடா இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டாள். இவர் நடந்ததையெல்லாம் இங்கிலீஷில் சொல்லி, டூ-இன்-ஒன்னின் ஸ்பீக்கர் பக்கத்தில் ரிசீவரை வைத்து, கேசட்டைப் போட்டார். மார்த்தாவின் குரல் ஓடியது, பின்னால் அல்லேலூயாவும் கைதட்டலும் ஓடியது. நிறுத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று பயந்துவிட்டார்.

இல்லை, அவள் இருந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார். புரியவில்லையா என்று கேட்டார். முதல் தடவையே புரிந்துவிட்டது என்றாள் ஓல்கா. தன் அக்கா செத்த பிறகு இந்தப் பேச்சைப் பேச ஆளில்லை, பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவார்களே என்று பயந்து தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் கிழடுகள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அதனால் காதால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று போடச் சொன்னாளாம். சொல்லும்போதே அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை ஏசுதாசன் சாகிறவரை மறக்க மாட்டார்.

அவள் வலிக்கிறது என்று கத்தும்போது ஏன் எல்லோரும் கைதட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

மார்த்தா சொன்னது இதுதான். வலது தோளில் எலும்பு நழுவிவிட்டது, அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், விடுங்கள், வலி தாங்க முடியவில்லை. நாள் முழுக்க இதைத்தான் சொல்லியிருக்கிறாள், வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் குரலைத் தூக்கிக் கேட்பாளே, அது: நம்ம பேச்சு தெரிந்தவர்கள் இங்கே யாருமே இல்லையா?

ஏசுதாசன் பூத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கையை ஒரு தடவை பார்த்தார். தூக்கிக் கொடுத்த கைதானே அது. ஓல்காவிடம், எனக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள் என்று கெஞ்சினார். நான் இருக்கிறேன், நீ சொல்வது கேட்கிறது, இனி யாரும் கையைத் தொடமாட்டார்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது. ஓல்கா திருப்பித் திருப்பிச் சொல்ல, அவர் பால்பாயின்ட் பேனாவால் உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். மீன்முள் சிக்கியவன் செருமுகிற மாதிரி வரும் சத்தத்துக்குத் தமிழில் எழுத்து இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். வேறு ஏதாவது பேசினால் என்ன செய்வது என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு எங்களுக்கு 'ஆங்' என்றாள் ஓல்கா. மற்றதற்கு எனக்குப் போன் பண்ணு, அவள் குரலை எடுத்துக்கொண்டு வா என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது வேன் வாசலில் நின்றது. பாஸ்டரும் ஞானம்மாளும் மார்த்தாவைத் தூக்க அறைக்குள் நுழைந்துவிட்டார்கள். ஞானம்மாளின் கை அந்த வலது கக்கத்துக்குள் போயிருந்தது.

"கைய எடும்மா" என்றார் ஏசுதாசன். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "தோள் எலும்பு நழுவிக் கெடக்கு. அதத்தான் இத்தினி நாளா சொல்லிகினு கெடந்தா. நம்ம யாருக்கும் தெரியல."

ஞானம்மாள் சுட்டதுபோல் கையை எடுத்து, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். தேவானந்தம் சுவரில் சாய்ந்தார். ஆண்டவரே என்று முனகினார்.

ஏசுதாசன் தலையணை ஒன்றை மடித்து அந்தத் தோளுக்கு மெல்ல அண்டக் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்துப் படித்தார். முதல் தடவை தப்பாக வந்தது. இரண்டாவது தடவை, கோடு போட்ட இடத்தில் நிறுத்திச் செருமி, முழுசாகச் சொன்னார்.

மார்த்தா அவரையே பார்த்தாள். அவளுடைய பாதி முகம்தான் அசையும். அந்தப் பாதி முகம் மலர்ந்ததைப் பார்த்த செல்வமேரி, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டாள். மார்த்தா இடது கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பேச ஆரம்பித்தாள். அந்தப் பழைய பத்து வார்த்தை இல்லை. புதுப் பேச்சு. மளமளவென்று, நடுநடுவே சிரித்து, ஒரு இடத்தில் அழுது, குரலைத் தாழ்த்தி ரகசியம்போல் ஏதோ சொல்லி, பேசிக்கொண்டே போனாள். இத்தனை வருஷத்துப் பேச்சும் ஒன்றாக வந்தது. கடைசியில் புருஷனுக்குத் தன் பாஷை தெரிந்துவிட்டது என்று நம்பிவிட்டாள். அவருக்கோ ஒரு சொல் புரியவில்லை.

"என்னா சொல்றாங்க பிரதர்?" என்று தேவானந்தம் மெதுவாகக் கேட்டார்.

"தெரியல பாஸ்டர்" என்றார் ஏசுதாசன். இந்த முறை சொல்ல முடிந்தது.

மார்த்தா நிறுத்தினாள். குரலைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டாள். அவர் கண்ணுக்குள் பார்த்தபடி காத்திருந்தாள். அவர் உள்ளங்கையைப் பார்த்தார். வேர்வையில் எழுத்து கலைந்து நீலமாகக் கிடந்தது. அவளை இன்னொரு தடவை பதில் இல்லாமல் விட அவருக்கு மனசு வரவில்லை.

"ஆங்" என்றார்.

அவள் பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடது கையைத் தூக்கி, பீரோவுக்கு மேலே காட்டினாள். செல்வமேரி டிரங்க் பெட்டியை இறக்கித் திறந்தாள். அந்துருண்டை வாசனை அறையெல்லாம் பரவியது. எந்தச் சாமானை எடுத்துக் காட்டினாலும் மார்த்தா தலையை ஆட்டி மறுத்தாள். அடியில் இருந்த கம்பளிக் கோட்டை எடுத்ததும் கையை நீட்டினாள்.

வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மார்த்தா நல்ல கையை முதலில் கோட்டுக்குள் நுழைத்தாள். தலையை ஒரு கையால் கோதிச் சரிசெய்துகொண்டாள். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கிளம்பலாம் என்பதுபோல் ஏசுதாசனைப் பார்த்தாள்.